தொடைத் தோலில் விழும் செல்லுலைட் குழிகளும் இடுப்புக் கொழுப்பும் ஒரே சிகிச்சையில் போகுமா?

போகாது. இரண்டும் வேறு வேறு என்பதைப் பணம் கட்டிய பிறகுதான் நான் தெரிந்துகொண்டேன்.

கொழுப்பை உறையவைக்கும் கிரையோலிபோலிசிஸ் சிகிச்சையை இடுப்பின் இரு பக்கமும் தொடையிலும் செய்துகொண்டேன். கருவி சதையைக் கவ்வியதும் சில நிமிடங்கள் கடுத்தது, பிறகு மரத்துப்போனது. மூன்று மாதங்களில் இடுப்பு ஓரளவு ஒடுங்கியது உண்மை. ஒருமுறை செய்தால் அந்த இடத்துக் கொழுப்பு அடுக்கு சுமார் 20 முதல் 25 சதவீதம் மெலியும், அவ்வளவுதான். ஆனால் தொடைக் குழிகள் இருந்தபடியே இருந்தன. அன்று அழுதேன்.

பிறகுதான் காரணத்தைத் தேடிப் படித்தேன். தோலை அடியிலுள்ள திசுவோடு நார்கள் இழுத்துக் கட்டியிருக்கின்றன. மெத்தையில் தையல் விழுந்த இடம் உள்வாங்க, சுற்றிலும் பஞ்சு புடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். செல்லுலைட்டும் அப்படித்தான். பஞ்சைக் குறைப்பதால் தையல் அவிழாது. ஒல்லியான பெண்களுக்கும் அது இருப்பது இதனால்தான். பருவமடைந்த பெண்களில் 80 முதல் 90 சதவீதம் பேருக்கு இருக்கும் ஒன்றை நோய் என்று சொல்லிப் பயமுறுத்துவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைபோசக்‌ஷனும் குழிகளைப் போக்காது. தோலை ஒட்டி உறிஞ்சிவிட்டால் மேடுபள்ளம் கூடவும் செய்யும்.

நாரையே ஊசியால் அறுக்கும் சப்சிஷன், தனித்தனியாகத் தெரியும் ஆழமான குழிகளுக்குப் பலன் தருகிறது. நாரைக் கரைக்கும் குவோ என்ற ஊசி மருந்துக்கு அமெரிக்காவில் 2020இல் அனுமதி கிடைத்தது. ரத்தம் கன்றிப்போவதும் நீடிக்கும் தோல் நிறமாற்றமும் கவலை தந்ததால், 2022 டிசம்பரில் தயாரிப்பாளரே அதை நிறுத்துவதாக அறிவித்துவிட்டார். காஃபின் கிரீம், மசாஜ் எல்லாம் தற்காலிகம்.

உறையவைக்கும் சிகிச்சையில் இன்னோர் ஆபத்தும் உண்டு. அரிதாகச் சிலருக்குக் கொழுப்பு குறைவதற்குப் பதிலாக அங்கேயே கெட்டியாகப் பெருகிவிடும். அது தானாகக் கரையாது, பெரும்பாலும் அறுவைசிகிச்சை தேவைப்படும். மாடல் அழகி லிண்டா இவாஞ்சலிஸ்டா தனக்கு இப்படி நேர்ந்ததாக 2021இல் வெளிப்படையாகச் சொன்னார். நான் கையெழுத்திட்ட படிவத்தில் இது பொடி எழுத்தில் இருந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நீங்கள் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. தோல் மருத்துவரிடம் போனால், நீங்கள் நின்றுகொண்டிருக்கும்போது தொடையைப் பார்க்கச் சொல்லுங்கள். படுத்தால் பல குழிகள் மறைந்துவிடும். என்னைப் படுக்கவைத்துத்தான் பார்த்தார்கள்.