மார்மன் டைரிகளும் கடிதங்களும்: கேட்டதும் சொன்னதும்

மார்மன்கள் என்றால், அமெரிக்காவில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய ஒரு கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர்கள். 19ஆம் நூற்றாண்டு மார்மன் மிஷனரிகள், அவர்கள் குடும்பத்தார் எழுதிய டைரி, கடிதங்களைப் பற்றி மட்டும் கேளுங்கள். சமயம் மெய்யா பொய்யா என்ற வழக்கு இங்கே வேண்டாம்.

கேள்வி: ஏன் அக்கா, இவ்வளவு பேர் டைரி எழுதினார்கள்?

பதில்: 1830 ஏப்ரல் 6, சபை தொடங்கிய அன்றே, பதிவேடு வைக்கவேண்டும் என்று ஜோசப் ஸ்மித் அறிவித்தார். அதை உயிராகப் பிடித்துக்கொண்டவர் வில்ஃபர்ட் உட்ரஃப் என்ற மிஷனரி. அறுபது ஆண்டுகளுக்கு மேல் எழுதினார். எத்தனை மைல் நடந்தார், எத்தனை பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார் என்று வருடக் கடைசியில் கூட்டிப் பார்ப்பார், கடைக்காரர் கல்லாவை எண்ணுகிற மாதிரி. ஆனால் 1840இல் அவர் இங்கிலாந்தில் இருந்தபோது அமெரிக்காவில் அவருடைய சின்ன மகள் இறந்துபோனாள். அவருக்குத் தெரிந்தது மாதங்கள் கழித்துத்தான். மைல் கணக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் நினைவுக்கு வரும்.

கேள்வி: கடிதங்களில் எழுத்தின் மேலேயே குறுக்கே எழுதியிருக்கிறதே?

பதில்: தபால் செலவு. 1845க்கு முன் அமெரிக்காவில் 400 மைல் தாண்டினால் ஒரு தாளுக்கு 25 சென்ட். பெரும்பாலும் கடிதம் பெறுபவர் தலையில்தான் விழும். உறை போட்டால் அதுவும் ஒரு தாள். அதனால் தாளைப் பக்கவாட்டில் திருப்பிவைத்து, எழுதியதன் மேலேயே எழுதினார்கள். பக்கத்தைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் ஒரு திசை எழுத்து மட்டும் கண்ணில் நிற்கும்.

கேள்வி: நம் ஊருக்கு வந்தார்களா?

பதில்: வந்தார்கள். ரிச்சர்ட் பாலன்டைன் என்ற மிஷனரி 1853இல் சென்னையில் இறங்கினார், 1854இல் இங்கேயே ஒரு மாதப் பத்திரிகையும் அச்சிட்டார். பலன் சொற்பம், அந்த வருடமே கிளம்பிவிட்டார்.

கேள்வி: ஏலத்தில் ஜோசப் ஸ்மித் கடிதம் வருகிறது. வாங்கலாமா?

பதில்: யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற வரலாறு இல்லையென்றால் வாங்காதீர்கள். மார்க் ஹோஃப்மன் 1980களில் இப்படிப்பட்ட கடிதங்களைப் போலியாகச் செய்து விற்று, சபையையும் நிபுணர்களையும் ஏமாற்றினார். மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில் 1985 அக்டோபரில் குண்டு வைத்தார், இரண்டு பேர் செத்தார்கள். உருப்பெருக்கியில் பார்த்தபோது அவருடைய மை முதலைத்தோல் மாதிரி வெடித்திருந்தது.

கேள்வி: 1844 ஆகஸ்ட் 8, மார்மன்கள் வாழ்ந்த நவூ நகரில், ஸ்மித்துக்குப் பின் சபையை நடத்திய பிரிகாம் யங் பேசியபோது, கொல்லப்பட்ட ஜோசப் ஸ்மித்தின் முகமும் குரலும் அவரிடம் தெரிந்ததாகப் பலர் எழுதியிருக்கிறார்களே?

பதில்: எப்போது எழுதினார்கள்? என்னிடம் எதைக் கொண்டுவந்தாலும் முதலில் இதைத்தான் கேட்பேன். உட்ரஃப் அன்றைய கூட்டத்தை டைரியில் விரிவாக எழுதியிருக்கிறார், இந்த அதிசயம் மட்டும் அதில் இல்லை. கண்ணால் பார்த்ததாக அவரே சொன்னது பின்னாளில்.

கேள்வி: அப்படியானால் எல்லோரும் பொய்யர்களா?

பதில்: நான் அப்படிச் சொன்னேனா? முப்பது வருடம் திரும்பத் திரும்பச் சொன்ன கதை, சொல்பவருக்கே நினைவாகிவிடும்.

கேள்வி: டைரியில் இல்லாதது நடக்கவே இல்லை என்பது என்ன நியாயம் மேடம்?

பதில்: நியாயமான அடி. நடக்கவில்லை என்று டைரி சொல்லாது. அன்று எழுதத் தோன்றவில்லை என்று மட்டுமே சொல்லும். எதிர்ப்பக்க உதாரணத்தை நானே தருகிறேன். பாலன்டைனோடு 1852இல் ஆசியாவுக்கு அழைக்கப்பட்டவர்களில் ஒருவர் லீவை சாவேஜ். பர்மா போய்த் திரும்பியவர், 1856 ஆகஸ்டில் நெப்ராஸ்காவில், சாமான்களைக் கைவண்டியில் இழுத்தபடி மேற்கே யூட்டாவுக்கு நடந்து குடியேறப் புறப்பட்ட மார்மன்களோடு இருந்தார். காலம் கடந்துவிட்டது, முழங்கால் பனியில் நடக்கவேண்டிவரும், போகவேண்டாம் என்றார். யாரும் கேட்கவில்லை, அவரும் கூடவே போனார். அறுபதுக்கு மேற்பட்டோர் வழியில் இறந்தார்கள். உடன் வந்த ஒருவர் பல வருடம் கழித்து எழுதியதில் அந்தப் பேச்சு மேடைப் பேச்சாகவே இருக்கிறது. ஆனால் சாவேஜின் டைரியிலும் அந்த எச்சரிக்கை உண்டு, பனியோடு. ஆக, பிந்திய நினைவை அப்படியே தள்ளவும் முடியாது.

கேள்வி: பலதார மணம் பற்றி...

பதில்: அதற்கு ஒரு நாள் தனியாக வைத்துக்கொள்வோம்.

கேள்வி: பழைய மார்மன் கடிதம் என்ன விலை போகும்?

பதில்: ஏலக் கேள்விக்கான பதிலை மேலே படியுங்கள்.

கேள்வி: கிழிந்த கடிதத்தை செலோடேப் போட்டு ஒட்டலாமா?

பதில்: கூடவே கூடாது. லேமினேஷனும் கூடாது.

கேள்வி: ஹோஃப்மன் செய்த போலிக்கு விலை உண்டா அக்கா?

பதில்: மறுபடியும் விலையா! உண்டு தம்பி, தெரிந்தே சேகரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இனி போலிக்குப் போலி வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.