கால்நடை கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் நாயின் மடிக்கட்டியை அறுவை செய்து பரிசோதனைக்கு அனுப்பினோம். ‘திசு அழுகியுள்ளது, புற்றா என்று உறுதி சொல்ல இயலாது’ என அறிக்கை வந்திருக்கிறது. ஏன்?

பதில்: பெரும்பாலும் ஃபார்மலின் (திசுவைக் கெடாமல் பதப்படுத்தும் திரவம்) உள்ளே எட்டவில்லை. அது திசுவுக்குள் மணிக்கு ஏறத்தாழ 1 மி.மீ.தான் ஊறும், போகப்போக இன்னும் மெதுவாகும். எலுமிச்சை அளவுக் கட்டியை முழுசாகப் போட்டால் ஓரம் பதப்படும், நடு தன் நொதிகளாலேயே கரைந்துவிடும். 1 செ.மீ. இடைவெளியில் கீறிவிட வேண்டும். ஒரு பக்கம் ஒட்டியே இருக்கட்டும், முழுக்க வெட்டினால் விளிம்பு எதுவென்று தெரியாது. கீறும் முன்பே வெட்டு விளிம்பில் திசு மை பூசிவிடுவது நல்லது. கட்டி முழுதாக வந்ததா என்பதை அந்த மைதான் காட்டும்.

10 சதவீத நடுநிலை ஃபார்மலின், திசுவைப் போல் 10 மடங்கு. குறுகிய வாய் பாட்டில் வேண்டாம்: மெத்தென்று உள்ளே போன கட்டி, விறைத்தபின் வெளியே வராது! உறைபெட்டியில் வைப்பதும் கெடுதல், பனித்துகள்கள் செல்களைக் கிழித்துவிடும். கட்டியிலிருந்து ஊசியில் உறிஞ்சிய செல்களைப் பூசிய கண்ணாடி ஸ்லைடுகளைத் தனிப்பொட்டலமாக அனுப்புங்கள். ஃபார்மலின் ஆவி பட்டால் சாயம் சரியாக ஏறாது.

மடியில் பல கட்டிகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி டப்பா, எந்தக் காம்பு என்ற குறிப்பு. ஒன்று சாதுவாகவும் பக்கத்தது புற்றாகவும் இருப்பது நாய்களில் சகஜம்.

இப்போதைக்கு ஆய்வகத்தில் மீதித் திசு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், பதப்பட்ட ஓரப்பகுதியிலிருந்து புதிதாகச் சீவிப் பார்க்கச் சொல்லலாம்.