சொந்தப் பணத்தில் வர்த்தகம் செய்யும் சிறிய நிறுவனத்தில் (prop trading firm) வேலை செய்த அனுபவம் சிவியில் எடுபடுமா?

மட்டக்களப்பிலிருந்து கொழும்பில் வங்கி, நிதி வேலைகளுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் கேட்பது இது. எடுபடும். ஆனால் என்ன செய்தீர்கள் என்று காட்ட வேண்டும்.

இந்த நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பணத்தில் அல்ல, தங்கள் சொந்தப் பணத்தில் பங்கும் நாணயமும் வாங்கி விற்பவை. அக்கரைப்பற்றில் வேளாண்மை வெட்டு முடிந்ததும் தன் காசில் நெல் வாங்கிக் களஞ்சியத்தில் அடுக்கும் முதலாளியை நினையுங்கள். விலை இறங்கினால் நட்டம் முழுக்க அவருக்கு. மூட்டைக்கு இவ்வளவு என்று தரகு வாங்குபவருக்கு அந்தப் பயம் இல்லை.

வாடிக்கையாளர் இல்லாததால் இவர்களைப் பற்றி வெளியே விசாரிக்க ஆளில்லை. ஆட்சேர்ப்பவர் தயங்குவது அதனால்தான். வெறுமனே ‘வர்த்தகர்’ என்று எழுதாதீர்கள். எந்தச் சந்தை, எத்தனை மாதம், ஒரு நாளில் எவ்வளவு நட்டம் வரை அனுமதி, அந்த எல்லையைத் தொட்டபோது என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். இலாபத் தொகையைவிட அந்தக் கடைசி விபரத்துக்குத்தான் மதிப்பு அதிகம் என்பேன். சம்பளத்தில் உங்கள் பங்களிப்பு 8%, நிறுவனத்தின் பங்களிப்பு 12% என ஊழியர் சேமலாப நிதி கட்டியிருந்தால், அந்தப் பதிவே நல்ல சான்று.

அப்புறம், இணையத்தில் கட்டணம் கட்டி, சோதனையில் தேறிப் பெறும் வர்த்தகக் கணக்கையும் பலர் உத்தியோகம் என்று நினைக்கிறார்கள். அங்கே நீங்கள் ஊழியர் இல்லை, அதை ‘திறன்கள்’ பகுதியில் போடுங்கள்.