கேள்வி-பதில்: 'ஃபயர்ஃபிளை'யை மறுபடி பார்க்கிறீர்களா?

கே: பல வருஷம் கழித்து 'ஃபயர்ஃபிளை' என்ற அமெரிக்க விண்வெளித் தொடரைப் பார்க்க உட்கார்ந்தேன். ஒரு பட்டியலில் 'த ட்ரெய்ன் ஜாப்' முதல் எபிசோடாக இருக்கிறது, இன்னொன்றில் 'செரினிட்டி'. எதை நம்புவது?

ப: 'செரினிட்டி'யில் ஆரம்பியுங்கள். தொடரை உருவாக்கிய ஜாஸ் வீடன் முதல் எபிசோடாக எழுதி இயக்கியது அதுதான்; ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஓடும். ஃபாக்ஸ் சேனலுக்கு அதன் விறுவிறுப்பு போதவில்லை. ஒரே வார இறுதியில் வீடனும் டிம் மினியரும் 'த ட்ரெய்ன் ஜாப்' என்ற ரயில் கொள்ளைக் கதையை எழுதிக் கொடுக்க, 2002 செப்டம்பர் 20 அன்று அதுவே முதலில் ஒளிபரப்பானது. 'செரினிட்டி' வந்தது டிசம்பர் 20 அன்று, கடைசியாக! எடுத்த 14 எபிசோடில் அப்போது வெளியானவை 11தான். 2003-இல் வந்த டிவிடியில்தான் வரிசை நேரானது.

உங்கள் பட்டியல் சரியா என்று பார்க்க எளிய வழி: முதலில் 'செரினிட்டி', பதினான்காவதாக 'ஆப்ஜெக்ட்ஸ் இன் ஸ்பேஸ்' இருக்க வேண்டும். மாறியிருந்தால், டாக்டர் சைமன் எதற்காக 'செரினிட்டி' என்கிற அந்த விண்கப்பலில் இருக்கிறான் என்பதே புரியாமல் பாதித் தொடர் ஓடிவிடும். 2005-இல் வந்த சினிமாவின் பெயரும் 'செரினிட்டி'தான். அதை 14 எபிசோடும் முடித்த பிறகு பாருங்கள்.

கே: கப்பல் விண்வெளியில் பறக்கும்போது எஞ்சின் சத்தமே கேட்கவில்லை. படமும் ஆடுகிறது, வெளிச்சம் லென்ஸில் தெறிக்கிறது. பிரிண்ட் மோசமா?

ப: பிரிண்ட் நன்றாகவே இருக்கிறது. காற்றில்லாத இடத்தில் ஒலி பரவாது என்பதால் வெளியே இசை மட்டும்தான். ஆட்டமும் வேண்டுமென்றே செய்ததுதான். ஸோயிக் ஸ்டூடியோஸ் கம்ப்யூட்டரில் செய்த கப்பல் காட்சிகளில்கூட, தோளில் வைத்த கேமரா கப்பலைத் தேடிப் பிடித்து ஜூம் செய்வதுபோல அசைவு சேர்த்திருக்கிறார்கள்.

கே: கதை முழுக்கத் தெரியும். இந்த முறை எதைக் கவனிப்பது?

ப: கப்பலின் கேப்டன் மால் ரெனால்ட்ஸின் கழுத்தை. முதல் எபிசோடின் தொடக்கத்தில் செரினிட்டி பள்ளத்தாக்குச் சண்டை. எதிரி விமானத்தை வீழ்த்தக் கிளம்பும் முன் மால் சங்கிலியில் தொங்கும் சிலுவையை முத்தமிடுகிறான். சற்று நேரத்தில் வானத்தில் விளக்குகள் இறங்குகின்றன. தங்களைக் காக்க வருகிற தேவதைகள் என்று அவன் நம்பியிருக்க, வந்தவை எதிரியான அலையன்ஸ் அரசின் கப்பல்கள். பக்கத்தில் நின்ற இளம் வீரன் பெண்டிஸ் குண்டுபட்டு விழுவதை மால் பார்ப்பதுகூட இல்லை; அவன் முகம் வானத்தையே பார்த்தபடி உறைந்து நிற்கிறது. ஆறு வருஷம் கழித்து அதே முகம் தலைகீழாக, விண்வெளி உடைக்குள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேசைக் காட்சிக்கு வாருங்கள். பாதிரியார் புக், "ஜெபம் செய்தால் ஆட்சேபமா?" என்கிறார். வாய்விட்டுச் சொன்னால்தான் ஆட்சேபம் என்கிறான் மால். முதல் தடவை வெறும் கடுகடுப்பாகத் தெரிந்த பதில் அது. சிலுவையைக் கவனித்தவருக்கு அதற்குள் இருக்கும் காயம் தெரியும். மாலாக நடிக்கும் நேதன் ஃபிலியன் குரலை உயர்த்தாமல் அதைச் சொல்லும் விதம் இந்த எபிசோடின் சிகரம் என்பது என் கருத்து.

அடுத்து, கப்பலில் ஏறிய பயணிகளில் அலையன்ஸ் உளவாளி யார் என்ற புதிர். குளிர்க்கண்ணாடி, பெரிய பெட்டி, அச்சமூட்டும் இசை எல்லாம் சைமனுக்கு. அப்பாவி முகம் இன்னொரு பயணியான டாப்சனுக்கு. விடை தெரிந்து பார்க்கும்போது இயக்குநர் நம் கண்ணை எங்கே திருப்புகிறார் என்பது ஷாட் ஷாட்டாகப் பிடிபடும். கப்பலை ஓட்டும் வாஷ் பொம்மை டைனோசர்களை வைத்து விளையாடும் காட்சியையும் தள்ளிவிடாதீர்கள். ஒன்று இன்னொன்றுக்குத் துரோகம் செய்வதுதான் அந்த விளையாட்டு. பின்னால் வரப்போகிற கதையும் அதுவே.

திருட்டுச் சரக்கின் உறையை, அதை வாங்க வந்த பேஷன்ஸ் பிரிக்கும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். தங்கக்கட்டி போலத் தோன்றுவது உணவு. ஒரு கட்டி ஒரு குடும்பத்துக்கு ஒரு மாதம் வரும் என்கிறான் மால். எல்லை உலகத்தின் பசி அந்த ஒரு வசனத்தில் தெரிகிறது. கப்பலின் மெக்கானிக் கேய்லி ஒற்றை ஸ்ட்ராபெரியைக் கண்மூடிச் சுவைப்பதற்கு ஏன் அவ்வளவு நேரம் ஒதுக்கினார்கள் என்பதும் அப்போது விளங்கும்.

கே: சீன மொழி வசனங்களுக்கு சப்டைட்டில் கிடைக்குமா?

ப: தேட வேண்டாம். பெரும்பாலும் திட்டும் வசைதான். மொழிபெயர்க்காமல் விட்டதே திட்டமிட்டதுதான். அமெரிக்காவும் சீனாவும் வல்லரசுகளாகி, இரண்டு பண்பாடும் கலந்த எதிர்காலம் அது.