அதே பூங்கா, பத்தாவது தடவை

கேள்வி: பெருநகரத்தில் சின்ன வாடகை வீட்டில் இருக்கிறோம். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 4. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை வெளியே கூட்டிப்போனால் போக்குவரத்து, நுழைவுச் சீட்டு, வெளிச்சாப்பாடு, வாசலில் விற்கும் பொம்மை என்று கை காலியாகிவிடுகிறது. வீட்டிலேயே இருந்தால் செல்பேசியும் சண்டையும்தான். என்ன செய்யலாம்?

பதில்: நானும் இரண்டு பிள்ளைகளை ஒரே சம்பளத்தில் வளர்த்தவள். ஒரு காலத்தில் இதே நான்கு செலவுகளையும் மாதக்கணக்கில் நோட்டில் எழுதிவைத்துப் பார்த்தேன். நுழைவுச் சீட்டுதான் பெரிதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. பசியும் களைப்பும் வந்த பிறகு செய்த செலவுதான் பெரிது. மதியம் இரண்டு மணிக்குச் சின்னவன் அழுவான், கண்ணில் பட்ட கடைக்குள் நுழைவோம். அப்புறம் பேருந்துக்கு நிற்கத் தெம்பில்லாமல் வாடகை வண்டி பிடிப்போம்.

அதனால் நான் முதலில் மாற்றியது கிளம்பும் நேரத்தைத்தான். காலை ஏழு மணிக்குப் புறப்பாடு, பத்தரைக்கெல்லாம் வீடு. சாப்பாட்டு வேளை நடுவில் வராது. கூட்டமும் சேர்ந்திருக்காது. வெயிலுக்கும் இதுதான் சரி. பத்து மணியிலிருந்து நாலு மணி வரைதான் புற ஊதாக் கதிர்கள் கடுமையாக இருக்கும். உங்கள் மகளுக்கு ஒரு பொறுப்பு கொடுங்கள்: தன் நிழல் தன்னைவிடக் குட்டையாகிவிட்டதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். குட்டையாகிவிட்டால் சூரியன் பாதி வானத்துக்கு மேலே ஏறிவிட்டது, கிளம்ப வேண்டியதுதான். என் மகள் “அம்மா, நிழல் குட்டையாயிடுச்சு” என்று தானே சொல்ல ஆரம்பித்த பிறகு, கிளம்பும்போது நடக்கும் அழுகை பாதியாகக் குறைந்தது. பொம்மைக்காரர் நிற்கும் வாசலைத் தவிர்த்து, திரும்பும்போது வேறு வாசல் வழியாக வாருங்கள்.

அடுத்தது இடம். வாரம் ஒரு புது இடம் வேண்டும் என்பது பெரும்பாலும் நம் எண்ணம்தான், பிள்ளைகளுடையது இல்லை. நடந்துபோகும் தூரத்தில் இருந்த ஒரே பூங்காவுக்கு நாங்கள் வாரக்கணக்கில் போனோம். முதல் இரண்டு தடவையும் என் மகன் ஊஞ்சலை விட்டு இறங்கவில்லை. மூன்றாவது தடவை, சுவர் வெடிப்பிலிருந்து ஒரு மரத்தின் வேர்வரைக்கும் எறும்புச் சாரை போவதைக் கண்டுபிடித்தான். அடுத்த வாரம் ஊஞ்சலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே அங்கே ஓடினான், எறும்புகள் இருக்கின்றனவா என்று பார்க்க. பெரியவள் அந்த மரத்தின் சுற்றளவை நூலால் அளந்து முடிச்சுப் போட்டு வைத்தாள். எந்த வாரம் இலை உதிர்ந்தது, எந்த வாரம் துளிர்த்தது என்று எழுதினாள். புது இடத்தில் இது நடக்காது. அங்கே எல்லாவற்றையும் பார்த்துமுடிக்கும் அவசரமே நேரத்தைத் தின்றுவிடும்.

கேள்வி: எங்கள் பக்கத்துப் பூங்காவில் ஊஞ்சல் அறுந்து கிடக்கிறது. ஒரு தகரச் சறுக்குமரம்தான் மிச்சம். அங்கே போய் என்ன விளையாடுவது?

பதில்: சறுக்குமரத்தில் பிள்ளையை உட்காரவைக்கும் முன் உங்கள் புறங்கையை அதில் வைத்துப் பாருங்கள். தகரம் வெயிலில் தோல் பொசுங்கும் அளவுக்குச் சுடும்.

விளையாட்டுக்கு வருகிறேன். டென்மார்க்கில் கார்ல் தியோடர் சோரன்சன் என்று ஒரு நிலவடிவமைப்பாளர் இருந்தார். அவர் வடிவமைத்த அழகான விளையாட்டுத் திடல்களைவிட, கட்டட வேலை நடக்கும் இடங்களிலும் உடைசல் குவியல்களிலும் பிள்ளைகள் ஆசையாக விளையாடுவதைக் கவனித்தார். அதிலிருந்து பிறந்ததுதான் 1943இல் கோபன்ஹேகனின் எம்ட்ரப் பகுதியில் திறந்த ‘உடைசல் விளையாட்டுத் திடல்’. பலகை, செங்கல், கயிறு என்று அங்கே கிடந்ததை வைத்துப் பிள்ளைகளே கட்டினார்கள், இடித்தார்கள், மறுபடி கட்டினார்கள்.

நீங்கள் செங்கல் சுமக்க வேண்டாம். ஒரு பழைய போர்வை, கொஞ்சம் கயிறு, ஒரு வாளி, இரண்டு சாக்குக்கட்டி, காலி அட்டைப்பெட்டி போதும். பையில் போட்டுக் கொண்டுபோய்க் கீழே வைத்துவிட்டு, எப்படி விளையாடுவது என்று மட்டும் சொல்லாதீர்கள். முதல் பதினைந்து நிமிடம் ‘போரடிக்குது’ என்பார்கள். எனக்கும் அந்தப் பதினைந்து நிமிடம் கஷ்டமாகத்தான் இருந்தது. பொறுத்துக்கொள்ளுங்கள், அப்புறம் போர்வை கூடாரமாகிவிடும். கயிற்றைக் கழுத்தில் மாட்டக் கூடாது என்பதை மட்டும் முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஞாயிறு மட்டும் போனால் போதுமா? வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது இருட்டிவிடுகிறது.

பதில்: போதாது. உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம், மூச்சு சற்று வேகமாகும் அளவுக்காவது ஓடியாடச் சொல்கிறது. கண்ணுக்கும் பகல் வெளிச்சம் வேண்டும். தினமும் வெளியே நேரம் கழிக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைகிறது. வீட்டு விளக்கின் வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). வெளியே மர நிழலில்கூட அது பல மடங்கு. அதனால் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் கடைசி இரண்டு நிறுத்தத்தையாவது நடந்தே கடக்கப் பாருங்கள்.

இருட்டிய பிறகு இருபது நிமிடம் கிடைத்தாலும் மாடிக்கோ தெருமுனைக்கோ கூட்டிப்போங்கள். நகர விளக்குகள் நட்சத்திரங்களை மறைத்துவிடும், நிலாவை மறைக்காது. பௌர்ணமிக்கு முந்தைய வாரம் பொழுது சாயும்போதே அது வானத்தில் இருக்கும். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நின்று பார்த்தால் ஒவ்வொரு நாளும் நீட்டிய கையின் ஒரு முஷ்டி அகலத்துக்குச் சற்று மேல் கிழக்கே தள்ளியிருக்கும். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள், உங்கள் பிள்ளையே கையை நீட்டி அளந்து சொல்லட்டும்.