மாமனாருக்குத் துணி டயாப்பர்

கேள்வி: மாமனாருக்குச் சிறுநீர் அடங்குவதில்லை. பேப்பர் டயாப்பரால் தொடையிடுக்கெல்லாம் சிவந்துவிட்டது. துணி டயாப்பர் சரிப்படுமா?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: சரிப்படும், ஈரமானதும் மாற்ற ஆள் இருந்தால். நர்ஸாக வார்டில் நான் பார்த்தவரை, சிவப்புக்குப் பாதிக் காரணம் மாற்றாமல் விடுவதுதான். இடுப்பு, தொடை இரண்டையும் அளந்து வாங்குங்கள்; தொடையோரம் தளர்ந்தால் ஒழுகும். புதுப் பருத்தித் துணியை இரண்டு மூன்று முறை துவைத்தால்தான் நன்றாக உறிஞ்சும். துணியை மிருதுவாக்கும் திரவம் வேண்டவே வேண்டாம், உறிஞ்சுவது குறைந்துவிடும். ஐப்பசி அடைமழையில் நம் கடலூரில் என்ன காயும்? தைத்த தடித்த துணி டயாப்பரைவிட, மடித்து வைக்கும் பழைய வேட்டித் துணி ஃபேன் காற்றிலேயே சீக்கிரம் காயும். மேலே நீர் புகாத உறை போதும். இரவுக்குப் பேப்பர் டயாப்பரே இருக்கட்டும், நீங்களும் தூங்க வேண்டாமா? அப்புறம், இது திடீரென்று தொடங்கியதென்றால் சிறுநீர்த் தொற்றா, புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) கோளாறா என்று டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.