துப்பாக்கி உரிமையும் கஞ்சாத் தடையும்: இரண்டையும் ஒருவரே ஆதரிப்பது முரண்பாடா?

துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று வாதிடும் அமெரிக்கர் ஒருவர் கஞ்சாவுக்குத் தடை கேட்டால், அது முரண்பாடுதானே என்பது கேள்வி. அவர் எந்தக் கொள்கையின் பெயரால் துப்பாக்கியை ஆதரிக்கிறார் என்பதைப் பொறுத்தே விடை அமையும். அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தம் ஆயுதத்தைப் பெயர் சொல்லிக் காக்கிறது, போதைப்பொருளுக்கு அப்படியொரு பாதுகாப்பு இல்லை என்பது அவர் வாதமானால் முரண்பாடு இல்லை. 'என் வீட்டுக்குள் அரசுக்கு என்ன வேலை' என்பது வாதமானால், கஞ்சாவுக்கு மட்டும் அதை மறுக்க முடியாது.

மத்திய அரசின் அதிகாரத்துக்கு வரம்பு வேண்டும் என்ற வாதமோ உச்ச நீதிமன்றத்திலேயே சோதனைக்கு உள்ளானது. டெக்சாஸில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் பள்ளிக்குக் கைத்துப்பாக்கி கொண்டுவந்த வழக்கில், மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்த மத்திய அரசுக்குள்ள அதிகாரம் பள்ளி வளாகத் துப்பாக்கித் தடைவரை நீளாது என்று 1995இல் 5-4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பானது. கலிபோர்னியாவில் மாநிலச் சட்டம் அனுமதித்தபடி மருத்துவத் தேவைக்காக வளர்த்த ஆறு கஞ்சாச் செடிகளை மத்திய அதிகாரிகள் அழித்த வழக்கில், அதே அதிகாரம் செல்லும் என்று 2005இல் 6-3 பெரும்பான்மை கூறியது.

நீதிபதி தாமஸ் இரு முறையும் மத்திய அரசுக்கு எதிராகவும், ஸ்டீவன்ஸ் இரு முறையும் ஆதரவாகவும் நின்றனர். நீதிபதி ஸ்காலியாவோ துப்பாக்கி வழக்கில் மத்திய அரசுக்கு எதிராகவும் கஞ்சா வழக்கில் ஆதரவாகவும் நின்றார். கஞ்சாச் சந்தை முழுவதையும் கட்டுப்படுத்த வீட்டுச் செடியையும் கட்டுப்படுத்துவது அவசியம், பள்ளித் துப்பாக்கித் தடை அத்தகைய பெரிய ஒழுங்குமுறையின் பகுதியன்று என்பது அவரது விளக்கம். சட்ட நுணுக்கமாக அது நிற்கும். ஆயினும், விற்பனைக்கே போகாத செடியை வணிகத்தின் பெயரால் பிடுங்கலாம் என்றபின், அதிகார வரம்பைப் பற்றிய அவரது வாதம் பெரிதும் வலுவிழந்தது என்றே கருதுகிறேன்.